பதினொரு சுற்று டேப்

அடிவாரத்திலிருந்து மூங்கில்பாறைக்கு ஏறும் மண்பாதையில் பத்தொன்பது வளைவுகள் இருந்தன, பத்தொன்பதிலும் ஊரின் ஒரே ஜீப் நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் மேலே வந்தது, அது தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உள்ளே அடைந்திருக்கும் பதினெட்டுப் பேரும் இறங்கி, டிரைவர் சுருளிவேலின் தோளுக்கு மேலாக எட்டி, ஹீட் மீட்டரின் முள் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது, வலது ஓரத்துச் சிவப்புக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி உச்சுக்கொட்டிப் பேசிக்கொண்டார்கள். அந்த முள்ளுக்கு எங்கிருந்து சேதி வருகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எஞ்சின் தலையில் கட்டைவிரல் அளவு பித்தளைச் சென்சார் ஒன்று திருகி நிற்கிறது, அதன் அடி கொதிக்கிற தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது, அதன் உச்சியிலிருந்து போகும் ஒற்றை வயர்தான் முள்ளை ஆட்டுகிறது என்று மெக்கானிக் கோட்டைச்சாமி இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப முள்ளு தானா ஆடலையா?" என்று கேட்கிற ஊர் அது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

கோட்டைச்சாமி மலைக்காரன் அல்ல. கோயம்புத்தூரில் பெரிய பட்டறையில் கை பழகியவன், குருவம்மாளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக மேலே வந்து சேர்ந்தவன், வந்த முதல் வாரமே இந்த ஊர் தன் கால் தூசுக்குப் பெறாது என்று முடிவு கட்டியவன். மூங்கில்பாறையில் ஏலக்காய் விளைந்தது, மிளகு விளைந்தது, பலா விளைந்தது, புத்தி மட்டும் விளையவில்லை என்பது அவன் கணக்கு. ஊர்க்காரர்களும் அவனை ஒன்றும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ஜீப் நின்றால் கூப்பிடுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள், அவன் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு மலையைப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் பழைய சென்சார் உயிரை விட்டது. முள் கண்டபடி துள்ளியது, தண்ணீர் இன்னும் சூடேறாத வண்டிக்குச் சிவப்புக் கோட்டைக் காட்டியது, ஜனங்கள் கத்திக்கொண்டு குதித்தார்கள், அதில் ஒருவன் ஓடைக்குள்ளேயே குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டான். கோட்டைச்சாமி உடைசல் பெட்டியைக் கிளறி வேறொரு வண்டியின் பழைய சென்சாரை எடுத்தான். மரை லொடலொடத்தது, திருகினால் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. நல்ல மெக்கானிக் செய்ய வேண்டியது என்னவென்று அவனுக்குத் தெரியும். டவுனுக்கு இறங்கி, மீட்டருக்குத் தோதான புதுசு வாங்கி, செம்பு வாஷர் போட்டு, இரும்பில் பித்தளை நேராகப் பிடிக்கும்படி முடுக்க வேண்டும், ஏனென்றால் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது, எர்த் இல்லாவிட்டால் எஞ்சின் எரிந்தாலும் முள் இடது ஓரத்தில் படுத்தே கிடக்கும். இத்தனையும் தெரிந்த கோட்டைச்சாமி, குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து மரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொரு சுற்றுச் சுற்றி, "இந்த மூஞ்சிகளுக்கு இது போதும்" என்று சொல்லித் திருகிவிட்டுக் கையைத் துடைத்தான்.

கசிவு நின்றது. முள் படுத்தது.

"அண்ணே, பத்தொம்போது வளைவும் ஏறியாச்சு, முள்ளு அசையவே இல்லண்ணே! என்னா கைராசிண்ணே ஒங்களுக்கு!" என்று சுருளிவேல் அவன் காலில் விழாத குறையாக வந்து நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊர் அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் அவன் செய்த வேலைகளிலேயே கேவலமான வேலைக்கு. கோட்டைச்சாமிக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொல்ல வாயெடுத்தான், பிறகு இவன்களுக்கு எதைச் சொல்லி என்ன என்று வாயை மூடிக்கொண்டான்.

நாலாம் நாள், பன்னிரண்டாவது வளைவில், ரேடியேட்டர் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அப்போது கோட்டைச்சாமியும் வண்டியில் இருந்தான், அவனுக்கு முன் இருக்கையில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஞானதுரை சுருளிவேலுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கழன்று போன முன்பக்கம் வழியாகக் கொதிக்கக் கொதிக்க ஒரு குடம் தண்ணீர் வந்து அவர் மடியில் விழுந்தது. வண்டிக்குள் ஒரே ஆவி. ஆவிக்குள்ளிருந்து தலைமையாசிரியர் முதலில் மீட்டரைப் பார்த்தார், முள் இடது ஓரத்தில் படுத்திருப்பதைப் பார்த்தார், "சூடே இல்லையேப்பா" என்றார், துண்டை எடுத்து மடியைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்களும் மீட்டரைப் பார்த்தார்கள், தங்கள் மேல் தெறித்ததைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் தோலிலும் ஒரு சிவப்புக்கூட இல்லை. பறந்துபோன மூடியை ஒரு கிழவர் வெறுங்கையால் எடுத்து வந்து கொடுத்தார். அதை வாங்கிய கோட்டைச்சாமியின் ஐந்து விரல்களும் அப்போதே வெந்து கொப்பளித்தன.

அன்றிலிருந்து மூங்கில்பாறை ஜீப்பின் சூடு யாரையும் சுடவில்லை, கோட்டைச்சாமியைத் தவிர.

வேறு ஊராக இருந்தால் அதிசயப்பட்டிருக்கும், பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருக்கும், குறைந்தபட்சம் பயந்தாவது இருக்கும். மூங்கில்பாறை, மழைக்கு முளைத்த காளானைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு, பறித்துக் குழம்பு வைக்கக் கிளம்பிவிட்டது. முதல் வாரத்தில் டீக்கடைக்காரர் வண்டி வந்து நின்றதும் எஞ்சின் மேல் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டுப் பால் காய்ச்சினார். இரண்டாம் வாரத்தில் பெண்கள் உலைப்பானையோடு வந்தார்கள். பால் பொங்கியது, கிழங்கு அவிந்தது, சோறு குழைந்தது, ஆனால் பானையை இறக்கத் துணி வேண்டியிருக்கவில்லை, கிண்டக் கரண்டி வேண்டியிருக்கவில்லை, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து புரட்டிவிட்டு விரலை நக்கிக்கொண்டார்கள். அரிசி வேகும், ஆள் வேகாது என்று ஊரில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. மூன்றாம் மாதம் வந்தபோது மூங்கில்பாறையில் கரண்டி என்கிற சாமான் சின்னப் பிள்ளைகள் மண் தோண்டுவதற்கு என்று ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பாடுவாளா என்பதை விட்டுவிட்டு, வண்டியில் கை வைப்பாளா என்று கேட்டார்கள். சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை மூட்டை கட்டிவிட்டு பானெட் மேல் சட்டையை விரித்து உள்ளங்கையால் தேய்த்தார்.

தலைமையாசிரியர் ஞானதுரை இதற்கு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டார். படித்தவர் அல்லவா, விளக்கம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. "சூடுங்கிறது ஒரு அளவு. அளவுங்கிறது முள்ளு. முள்ளு இல்லேன்னு சொல்லிட்டா, அப்புறம் சூட்டுக்கு என்ன ஆதாரம்?" என்று டீக்கடையில் கேட்பார், கேட்டுவிட்டுக் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கிக் காட்டுவார். ஜனங்கள் தலையாட்டுவார்கள். கோட்டைச்சாமி மட்டும் தம்ளரை ஊதி ஊதிக் குடிப்பான், அவன் ஊதுகிற சத்தம் கேட்டதும் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"பூக்குழி எறங்கணும்னா நாப்பது நாள் வெரதம் இருக்கணும். இதுக்கு முள்ளைப் பாத்தாப் போதும். அதுகூட முடியலேன்னா மனசுல என்னமோ வஞ்சம் இருக்குன்னுதான அர்த்தம்" என்று ஒருத்தி சொன்னாள், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவன் கைக்கட்டைப் பார்த்து, பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அவனால் அந்த ஜீப்பில் ஏறக்கூட முடியவில்லை, உட்காருகிற இரும்புப் பலகையே அவனைச் சுட்டது. தான் சுற்றிய டேப்புக்குத் தானே வெந்துகொண்டிருப்பதை நினைத்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யை நம்பியவனுக்கெல்லாம் குளுகுளுவென்று இருக்கிறது, பொய்யென்று தெரிந்தவன் ஒருத்தனுக்குத் தோல் உரிகிறது, இது என்ன கூறுகெட்ட நியாயம் என்று மலையைப் பார்த்துக் கத்தினான். மலைக்குப் பதில் சொல்கிற வழக்கம் இல்லை.

அவனுக்குப் பணம் வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஒரே ஒரு ஆள், இந்த ஊரில் ஒரே ஒரு ஜென்மம், "கோட்டைச்சாமி சொல்றது சரி" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னால் போதும், மிச்சமிருக்கிற காலத்தை இந்த முட்டாள்களோடு ஓட்டிவிடலாம் என்றிருந்தது.

குருவம்மாள் அந்த ஒரு ஆளாக இருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் மூங்கில்பாறைக்காரி. மற்றப் பெண்களோடு அவளும் பானை தூக்கிக்கொண்டு போனாள், முழங்கை வரை விட்டுக் கிண்டினாள், வந்து அவன் கைக்குக் கற்றாழைச் சோற்றைத் தடவிவிட்டாள்.

"ஒனக்காச்சும் தெரிய வேணாமா குருவு? பட்டறைக்காரன் பொண்டாட்டிதான நீயி. அது வெறும் டேப்பு. முள்ளு படுத்துக் கெடக்குறதுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் சம்பந்தமே கெடையாது" என்றான்.

"சரிங்க."

"என்ன சரி? நம்புறியா இல்லியா?"

"தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது? காலைல கெழங்கு அவிக்கணும்" என்றாள் அவள், அவன் கைக்கட்டை இழுத்து முடிந்துகொண்டே. "ஒங்களுக்கு மட்டும் ஏன்தான் சுட்டுத் தொலைக்குதோ. ஊரோட சேந்து கொஞ்சம் நம்புனாத்தான் என்ன?"

இவளும் அந்தக் கூட்டம்தான் என்று கோட்டைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மறுநாளும் கற்றாழை தடவினாள், அதற்கு மறுநாளும் தடவினாள், அவன் அதற்கப்புறம் அவளிடம் கேட்கவே இல்லை.

மாசி மாதம் அம்மன் பொங்கல் வந்தது. இந்த வருஷம் கோயில் வாசலில் அடுப்பே கூட்டக்கூடாது, ஜீப்பின் மேல்தான் ஊர்ப் பொங்கல் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். அதைக் கேட்ட கோட்டைச்சாமி பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பத்தொன்பது வளைவுகளையும் கால்நடையாக இறங்கி டவுனுக்குப் போனான். உதிரிபாகக் கடையில் கண்ணாடி போட்ட ஒருவர், "மீட்டர் எந்த டைப்புங்க? மீட்டருக்குத் தக்கன சென்சார் போடலேன்னா முள்ளு பொய் சொல்லுமே" என்றார். கோட்டைச்சாமிக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. நாலு மாதத்தில் ஒரு மனிதப்பிறவியின் வாயிலிருந்து அவன் கேட்ட முதல் புத்தியுள்ள வார்த்தை அது. தேவையில்லாமல் இன்னும் நாலு கேள்வி கேட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

பொங்கலன்று விடிகிற நேரத்தில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது, வேலையை முடித்தான். அவன் வருஷக்கணக்கில் இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து சென்சாருக்குக் கீழே வரும் வரை தண்ணீரை வடித்தான், வயரைக் கழற்றினான், பழையதைத் திருகி எடுத்தான், துவாரத்து மரையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான், டேப் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் நுள்ளி எடுத்தான், புதுசைச் செம்பு வாஷரோடு விரலால் கடைசி மரை வரை ஏற்றி, பிறகு ஸ்பானரால் அளவாக முடுக்கினான், வயர் முனையைச் சுரண்டி மாட்டினான், தண்ணீரை நிரப்பினான். பழைய சென்சாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேகட்டும் என்று நினைத்தான். பத்துக் கை வெந்தால்தான் இந்த ஊருக்குப் புத்தி வரும், வேகட்டும், அப்போது தெரியட்டும் கோட்டைச்சாமி யாரென்று. யார் கை என்று அவன் யோசிக்கவில்லை. ஊர்க் கை என்றுதான் நினைத்தான்.

உச்சிப்பொழுதுக்கு ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. பானெட்டைக் கழற்றிவிட்டு எஞ்சின் மேல் அகலத் தகடு போட்டு, ஆளுயரக் கொப்பரையை ஏற்றியிருந்தார்கள், சுற்றிலும் கல்லடுக்கி மேடை கட்டி அதன் மேல் ஏழு பெண்கள் நின்றார்கள், பதினாலு கைகள் கொப்பரைக்குள் வெல்லப்பாகில் புரண்டுகொண்டிருந்தன, சுருளிவேல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான், மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. நாலு மாதமாகப் படுத்திருக்கிற முள்ளை எத்தனை தடவைதான் பார்ப்பார்கள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" என்று கோட்டைச்சாமி மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். "முள்ளைப் பாருங்க!"

பார்த்தார்கள். முள் சிவப்புக் கோட்டின் மேல் நின்றது.

கோட்டைச்சாமி பையிலிருந்து பழைய சென்சாரை எடுத்துத் தூக்கிக் காட்டினான். "இது நான் மாட்டுன கழிசடை. இந்தா, இந்த வெள்ளை டேப்பு, பதினொரு சுத்து, நாந்தான் சுத்துனேன். ஒங்களுக்கெல்லாம் இது போதும்னு நெனச்சுத்தான் சுத்துனேன். இது எர்த்த மறிச்சிருச்சு, அதனால முள்ளு படுத்திருச்சு. வண்டி என்னிக்குமே கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. காலைல புதுசு போட்டுட்டேன். இப்ப முள்ளு காட்டுறதுதான் நெசம். கொப்பரை கொதிக்குது. கையை எடுங்க!"

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள், அவனோ தன் வாயால் கெடவே வந்து நின்றான், தன் திருட்டுத்தனத்தைத் தானே உடைத்தால் அந்த உண்மைக்காவது ஊர் மரியாதை கொடுக்கும் என்று நம்பினான். தலைமையாசிரியர் ஞானதுரை குனிந்து மீட்டரைப் பார்த்தார், நிமிர்ந்து கோட்டைச்சாமியைப் பார்த்தார்.

"நாலு மாசமா ஒரு சென்சார் ஒரே வார்த்தையச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குக் காலைல வந்த ஒண்ணு வேற சொல்லுது. ஏம்ப்பா, எதை நம்புறது?" என்றார். "பழசு ஒரு வார்த்தை மாறிப் பேசிருக்கா?"

"அதானே!" என்றது ஊர்.

"புதுசு மட்டமான சரக்குண்ணே. ஏமாத்திக் குடுத்துட்டாய்ங்க ஒங்கள" என்று இரக்கத்தோடு சொன்ன சுருளிவேல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாகச் சாய்ந்து எட்டி, சென்சாரின் உச்சியிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தான். முள் தளர்ந்து இடது ஓரத்தில் போய்ப் படுத்தது.

"இப்பச் சரியாப்போச்சு" என்று ஒரு கிழவர் மூச்சு விட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். கோட்டைச்சாமியைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, நிம்மதியில் சிரித்தார்கள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மேளம் திரும்பவும் எழும்பியது. மேடையில் பன்னிரண்டு கைகள் திரும்பவும் பாகில் புரண்டன. இவர்களுக்கு முன்னால் உண்மையைக் கொண்டுவந்து வைப்பதும் எருமைக்குக் கண்ணாடி காட்டுவதும் ஒன்று என்று காறித் துப்பப் போனவன், மேளத்துக்கு நடுவே ஒரு அலறலைக் கேட்டான்.

குருவம்மாள் கொப்பரையிலிருந்து இரண்டு கைகளையும் உருவி மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முழங்கை வரை வெல்லமும் தோலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆறு பெண்களும் அவளை ஒரு தடவை பார்த்தார்கள், கோட்டைச்சாமியை ஒரு தடவை பார்த்தார்கள், புருஷனுக்கு ஏற்ற வஞ்சக்காரி என்று தெரிந்துகொண்டு, சேலைத் தலைப்பு அவள் மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டார்கள்.

கோட்டைச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். கல்மேடையில் ஏறி அவளைத் தாங்கிப் பிடித்தபோது அவன் மேலெல்லாம் பாகு ஒட்டிச் சுட்டது. வேறு யார் கையாவது வெந்திருக்கக்கூடாதா என்று, ஞானதுரையின் கை, சுருளிவேலின் கை, இந்தக் கூட்டத்தில் எந்தப் பயல் கையாவது வெந்திருக்கக்கூடாதா என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை பேரில் அவன் சொல் ஒருத்திக்கு மட்டும்தான் ஏறியிருந்தது. வெறும் வார்த்தை. அவன் கத்திய வார்த்தை அவள் காதில் விழுந்து, அவள் அதை நம்பிய அந்த நிமிஷமே வெந்திருக்கிறாள்.

"ஏன்டி, ஏன்டி நம்புன?" என்று அழுதான்.

குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு, "நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள்.

மற்ற ஆறு பேரும் பொங்கல் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.